வாய்க்கால் கரைக்கு எந்த ஹூண்டாய்?

ஷோரூமில் பேச்சு எப்போதும் பட்ஜெட்டில்தான் தொடங்கும். பத்து லட்சத்துக்குள் என்றால் எக்ஸ்டர், கொஞ்சம் கூடினால் வென்யூ, இன்னும் கூடினால் கிரெட்டா, வீட்டில் ஏழு பேர் என்றால் அல்கசார். சென்னைக்காரருக்கு இந்தக் கணக்கு போதும். வெண்ணாற்றுக் கரையிலோ குடமுருட்டிக் கரையிலோ வீடு வைத்திருப்பவர் பணப்பையை எடுப்பதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுப்பது நல்லது. ஷோரூமுக்குப் போகும் முன்பே தன் தெருவையும், கேட்டையும், வீட்டுக்குப் போகும் வழியில் உள்ள மிகக் குறுகலான மதகுப் பாலத்தையும் அளந்துவிட வேண்டும்.

காவிரி டெல்டாவின் கிராமச் சாலைகள் பெரும்பாலும் ஒருவழித் தடம்தான். தார் போட்ட அகலம் 3.75 மீட்டர், போக்குவரத்து குறைந்த இடங்களில் வெறும் 3 மீட்டர். கிரெட்டாவின் அகலம் 1,790 மி.மீ. எதிரே இன்னொரு கிரெட்டா வந்தால் இரண்டுக்கும் சேர்த்து 3.58 மீட்டர் போய்விடும், மிச்சம் 17 சென்டிமீட்டர். இதில் பக்கக் கண்ணாடிகள் சேரவில்லை. ஆக யாராவது ஒருவர் தாரை விட்டு ஓரத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஓரம் என்பது ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் மழை பெய்தபின் அந்த ஓரம் பார்வைக்குக் கெட்டியாக இருக்கும். சக்கரம் ஏறியதும் உள்வாங்கும். எதிரே வருவது கிரெட்டாவாக இல்லாமல் அறுவடை மிஷினாக இருந்தால் பேச்சே இல்லை, ரிவர்ஸ்தான். அதனால்தான் வேரியன்ட் (ஒரே மாடலில் வசதிக்கேற்ற வகை) தேர்வு செய்யும்போது சன்ரூஃபுக்குக் கொடுக்கும் காசைத் தெளிவான பின்பக்கக் கேமராவுக்கும், மடங்கும் பக்கக் கண்ணாடிக்கும் கொடுக்கச் சொல்கிறோம். சித்திரை வெயிலில் சன்ரூஃப் திறந்து வேடிக்கை பார்த்தவரை இந்தப் பக்கம் யாரும் கண்டதில்லை.

அகலத்தில் பலர் ஏமாறுவது வென்யூவில்தான். பழைய வென்யூ 1,770 மி.மீ. 2025 நவம்பரில் வந்த புதிய வென்யூ 1,800 மி.மீ. அதாவது கிரெட்டாவைவிட 10 மி.மீ. அகலம், அல்கசாருக்குச் சமம். நீளம்தான் 3,995 மி.மீ. என்று அடக்கம். "சின்ன வண்டி, சந்துக்குள் போய்விடும்" என்று நினைத்து வென்யூ எடுப்பவர், நீளத்தில் மிச்சம் பிடித்து அகலத்தில் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை. இந்த வரிசையில் உண்மையிலேயே ஒல்லியானது எக்ஸ்டர் ஒன்றுதான்: 1,710 மி.மீ. அகலம், 3,815 மி.மீ. நீளம். திண்ணை வைத்த பழைய ஓட்டு வீடு, பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லையில் வண்டி நிறுத்த வேண்டும் என்றால் வேறு யோசனையே வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்துப் பார்த்தால் மற்ற மூன்றும் இரண்டு மீட்டரை நெருங்கிவிடும்.

அடுத்தது மதகு மேடு. வாய்க்கால் குறுக்கே போகும் இடத்தில் குழாய் போட்டு மண்ணை உயர்த்திச் சாலையைத் தூக்கியிருப்பார்கள். ஏறி இறங்கும்போது வயிறு இடிக்கும். இதற்கு எல்லோரும் கேட்பது கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி, எவ்வளவு என்பதை. எக்ஸ்டர் 185 மி.மீ., கிரெட்டா 190 மி.மீ. ஐந்து மி.மீ. கிரெட்டாவுக்கு லாபம் என்று தோன்றும். ஆனால் மேட்டின் உச்சியில் இடிப்பது இரு சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள பகுதி. அங்கே கணக்கில் வருவது வீல்பேஸ், அதாவது முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரம். எக்ஸ்டர் 2,450, கிரெட்டா 2,610, அல்கசார் 2,760. கிளியரன்ஸை வீல்பேஸால் வகுத்துப் பார்த்தால் எக்ஸ்டருக்கு 7.55 சதவீதம், கிரெட்டாவுக்கு 7.28. குட்டையான எக்ஸ்டர்தான் மேட்டைச் சுலபமாகத் தாண்டும். அல்கசார் அந்த இடத்தில் யோசித்துத்தான் ஏற வேண்டும். இந்தக் கிளியரன்ஸ் எண்களெல்லாம் ஆள் ஏறாத காலி வண்டிக்கு உரியவை என்பதையும் மறக்கக் கூடாது. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் இரண்டு மூட்டை அரிசியும் ஒரு சாக்கு தேங்காயும் போட்டால் பின்பக்கம் நன்றாகவே தாழும். மதகைக் குறுக்காக, ஒரு சக்கரம் முன்னே ஒரு சக்கரம் பின்னே என்று கோணலாக ஏறினால் பாதித் தொல்லை குறையும். அகலம் இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஒவ்வொன்றாக.

எக்ஸ்டரில் 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல், 83 பி.எஸ். (குதிரைத்திறன்), சுமார் 114 நியூட்டன் மீட்டர் (இழுவிசை). டெல்டா பலகை போலச் சமமான தரை. மலை ஏற வேண்டியதில்லை. ஆகவே இந்த இன்ஜின் ஊருக்குள் தாராளமாகப் போதும். தடுமாறுவது ஒரே இடத்தில்: ஆள் நிரம்பி, ஏ.சி. ஓடி, இருவழிச் சாலையில் கரும்பு டிராக்டரையோ நெல் லாரியையோ முந்தும்போது. ஐந்தாவது கியரில் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் எதுவும் நடக்காது. மூன்றுக்கு இறக்கி, இன்ஜினைக் கத்தவிட்டுத்தான் முந்த வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிக்கடி போகிறவர் இதை டெஸ்ட் டிரைவிலேயே செய்து பார்த்துவிட வேண்டும். டிக்கி 391 லிட்டர், அதன் அளவுக்கு நல்ல இடம். பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் கல்யாணத்துக்குப் போவதற்குள் வேட்டி கசங்கிவிடும். இரண்டு பெரியவர், ஒரு பிள்ளை என்றால் சரி.

சி.என்.ஜி. எக்ஸ்டர் 69 பி.எஸ்., 95 நியூட்டன் மீட்டருக்கு இறங்கிவிடும். ஒற்றைக் கேஸ் சிலிண்டர் வந்த காலத்தில் டிக்கியே போனது. 2024-இல் வந்த இரட்டைச் சிலிண்டர் அமைப்பில் கொஞ்சம் இடம் திரும்பியது. வாங்குமுன் ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் கிட் மட்டுமா என்பதைக் கண்ணால் பாருங்கள். கொடியக்கரைப் பக்கம் இரவில் டயர் கிழிந்தால் பஞ்சர் கிட் உதவாது. உங்கள் தினசரிப் பாதையில் கேஸ் பங்க் இல்லையென்றால், அடிப்பதற்காகவே இருபது கிலோமீட்டர் சுற்றிப்போகும் வண்டியில் மிச்சம் என்று ஒன்றும் இல்லை.

வென்யூவில் மூன்று இன்ஜின். 1.2 பெட்ரோல் எக்ஸ்டரில் உள்ள அதே குடும்பம்தான். அதைவிட எடை கூடிய உடம்பில் அதே 83 பி.எஸ். இந்தச் சேர்க்கையை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. 1.0 டர்போ பெட்ரோல் 120 பி.எஸ்., 172 நியூட்டன் மீட்டர், முந்துவதற்கு நிம்மதி. 1.5 டீசல் 116 பி.எஸ்., 250 நியூட்டன் மீட்டர். நான்கு மீட்டருக்குள் டீசலும், டார்க் கன்வர்ட்டர் (திரவம் வழியாகச் சக்தி கடத்தும்) ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்து கிடைப்பது அரிது, புதிய வென்யூவில் அது கிடைக்கிறது. மாதம் முழுக்கத் தஞ்சாவூர், திருச்சி, நாகப்பட்டினம் என்று அலையும் உர வியாபாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ அது கச்சிதமான வண்டி.

கிரெட்டாதான் இங்கே எல்லோர் கண்ணிலும் நிற்பது, அதில் தப்பும் இல்லை. 2024 ஜனவரியில் வந்த உருவத்தில் 4,330 மி.மீ. நீளம், 433 லிட்டர் டிக்கி, 50 லிட்டர் டேங்க். பின்சீட்டில் மூன்று பேர் சண்டையில்லாமல் உட்காரலாம். இன்ஜின் மூன்று: 1.5 பெட்ரோல் 115 பி.எஸ்., 1.5 டர்போ பெட்ரோல் 160 பி.எஸ்., 1.5 டீசல் 116 பி.எஸ். ஷோரூமில் டர்போவை ஓட்டிப் பார்த்தால் மனசு அதிலேயே நிற்கும். ஆனால் டெல்டாவில் 160 பி.எஸ்.ஸை எங்கே கொண்டுபோய் ஓட்டுவது? தஞ்சாவூர்–திருச்சி நான்குவழிச் சாலையில் கொஞ்சம். மீதிப் பாதையெல்லாம் ஆடு, மாடு, காயும் நெல்.

அதைவிடப் பெரிய காரணம் அந்த டர்போவோடு வரும் 7 கியர் டி.சி.டி. (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்). இது எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகை. சாலையில் ஓடும்போது அருமை. திருவாரூர் ஆழித்தேர் அன்றும், வேளாங்கண்ணி கொடியேற்றத்தின்போதும், திருவையாற்று ஆராதனைக் கூட்டத்திலும் வண்டி மணிக்கு நாலு கிலோமீட்டரில் ஊரும்போது, கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் உராய்ந்துகொண்டே இருக்கும். சூடு ஏறும், மீட்டரில் கியர்பாக்ஸ் சூடு எச்சரிக்கை வரும். வந்தால் ஓரம்கட்டி, பார்க்கிங்கில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டே ஆறவைக்க வேண்டும். பிரேக்கை லேசாக விட்டு விட்டு அங்குலம் அங்குலமாக நகர்வதுதான் இதைக் கெடுக்கும் பழக்கம். முன்னே ஒரு வண்டி நீளம் இடைவெளி விழுந்தபின் நகர்வதே சரி. கோயில் நகரத்துக்குள்ளேயே தினமும் ஓடுகிறவர் ஆட்டோமேட்டிக்கை விரும்பினால் 1.5 பெட்ரோலோடு வரும் ஐ.வி.டி. (கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்) எடுக்கலாம். இழுவை சுமார், ஆனால் ஊர்ந்து போவதில் அதை அடிக்க முடியாது. எக்ஸ்டரின் ஏ.எம்.டி. ஆட்டோமேட்டிக்கும் உள்ளே சாதாரணக் கிளட்ச்தான், கால் வேலையை மோட்டார் செய்கிறது என்பதே வித்தியாசம். மதகு ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது ஆக்சிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தக் கூடாது, பிரேக்கில் நில்லுங்கள்.

டீசலா பெட்ரோலா என்ற பழைய வழக்குக்கு வருவோம். லிட்டர் பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரெட்டா பெட்ரோல் மேனுவலுக்குச் சோதனைக்கூட மைலேஜ் 17.4, டீசல் மேனுவலுக்கு 21.8. நிஜத்தில் ஏ.சி.யோடு 13, 18 என்று எடுத்தால் கிலோமீட்டருக்கு 7.77 ரூபாய்க்கு எதிராக 5.17. மிச்சம் 2.60. அதே வசதிகளுக்கு டீசலின் விலை ஒன்றரை லட்சம் கூட என்று கொண்டால், அதன்மீது வரும் சாலை வரியோடு 1.77 லட்சம். வகுத்தால் சுமார் 68,000 கிலோமீட்டர். மாதம் 1,000 ஓட்டுகிறவருக்குப் போட்ட காசு திரும்ப ஐந்தரை வருடத்துக்கு மேல் ஆகும். 2,000 ஓட்டுகிறவருக்கு மூன்று வருடத்துக்குள். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கை மறுபடி செய்யுங்கள்.

காசு கணக்கு சரிப்பட்டாலும் ஓட்டும் முறை சரிப்பட வேண்டும். பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உண்டு. அது நிறைந்ததும் வண்டியே கூடுதல் டீசலைத் தெளித்து, 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, கரியை எரித்துக்கொள்ளும். இதற்கு வண்டி நிற்காமல் ஓட வேண்டும். வீட்டிலிருந்து வயலுக்கு 2 கிலோமீட்டர், கடைத்தெருவுக்கு 3 கிலோமீட்டர் என்று ஓட்டினால் எரிப்பு பாதியிலேயே அணைந்துபோகும். தெளித்த டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் அதுதான் காரணம், யாரும் ஆயில் ஊற்றிவிட்டுப் போகவில்லை. டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் நல்ல சாலையில் 60-க்கு மேல், 1,500 முதல் 2,500 ஆர்.பி.எம்.மில், சுமார் 25 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். விளக்கு அணையாவிட்டால் சர்வீஸ் சென்டர். வாரம் ஒருமுறை தஞ்சாவூரிலிருந்து திருச்சி போய்வரும் வண்டிக்கு இந்தத் தொல்லையே தெரியாது. 2023-க்குப் பிந்தைய டீசல்களுக்கு புகையைச் சுத்தம் செய்யும் ஆட்புளூ என்ற யூரியாத் திரவமும் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தால் இன்ஜின் திரும்ப ஸ்டார்ட் ஆகாது.

அந்த 600 டிகிரியை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வையுங்கள். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் சாலையெங்கும் வைக்கோலும், பின்னால் உளுந்துச் செடியும் பரப்பிக் கிடக்கும். வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்றே போடுகிறார்கள். காய்ந்த வைக்கோல் டிரைவ் ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும், சைலன்சர் குழாய்க்கும் தகட்டுக்கும் இடையில் சொருகும். சுழலும் இடத்தில் இறுகினால் ரப்பர் உறையை அறுக்கும். சூடான இடத்தில் இருந்தால் புகையும், பிறகு தீ. பெட்ரோல் வண்டியின் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் சூடுதான், ஆனால் எரிப்பு நடந்துகொண்டிருக்கும் டீசல் இன்னும் மோசம். தவிர்க்க முடியாமல் மேலே ஓட்ட நேர்ந்தால், தாண்டியதும் வெறும் தாரில் நிறுத்தி, குனிந்து பார்த்து, குச்சியால் இழுத்துவிடுங்கள். கை வைக்க வேண்டாம். வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. அறுவடைக்கால முடிவில் ஏர் ஃபில்டரையும் ஏ.சி. ஃபில்டரையும் திறந்தால் பதர் கைப்பிடி கணக்கில் வரும்.

அல்கசாருக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 4,560 மி.மீ. நீளம், ஆறு அல்லது ஏழு இருக்கை. மூன்றாம் வரிசையில் ஆள் இருந்தால் டிக்கி வெறும் 180 லிட்டர். குலதெய்வக் கோயிலுக்கு ஏழு பேர் போனால் பொங்கல் பானைக்கு இடம் உண்டு, துணிப்பைகளுக்கு இல்லை. மூன்றாம் வரிசை பிள்ளைகளுக்கு. மூட்டுவலி உள்ள அப்பத்தாவை அங்கே ஏறச் சொல்லாதீர்கள். வீட்டு வாசலிலிருந்தே அகலச் சாலை உள்ளவருக்கு நல்ல வண்டி.

கிரெட்டா எலெக்ட்ரிக் 42, 51.4 கிலோவாட் மணி என்று இரண்டு பேட்டரியில் வருகிறது. 11 கிலோவாட் வீட்டுச் சார்ஜருக்கு மும்முனை இணைப்பு வேண்டும். பம்புசெட்டுக்கு வரும் இலவச மின்சாரத்தில் கார் சார்ஜ் போட முடியாது, போட்டால் முறைகேடு. கஜா புயலில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்தினர் வீட்டில் இது ஒன்றே வண்டி என்றால் யோசிக்கவே வேண்டும். இரண்டாவது வண்டி என்றால் தாராளமாக எடுக்கலாம்.

எக்ஸ்டர் முதல் அல்கசார் வரை எல்லாமே முன்சக்கர இழுவை. அல்கசாரில் மண், மணல் என்று டிராக்ஷன் (சக்கரப் பிடிப்பு) முறைகள் எழுதியிருப்பது பிரேக்கையும் இன்ஜினையும் கணினி சமாளிக்கும் வித்தை, நான்கு சக்கர இழுவை இல்லை. மழைக்குப்பின் களிமண்ணில் தோப்புக்குள் இறக்கினால் டிராக்டர்தான் வந்து இழுக்க வேண்டும். ஏ.டி.ஏ.எஸ். என்ற ஓட்டுநர் உதவிக் கருவிகள் பற்றியும் ஒரு வார்த்தை: கோடு போடாத சாலையில் லேன் உதவிக்கு வேலை இல்லை. முன்னே வரும் காரையும் மனிதரையும் அது கண்டுகொள்ளும். அறுவடை வயல் தேடிச் சாலையைக் கடக்கும் ஆயிரம் வாத்துகளை நீங்கள்தான் கண்டுகொள்ள வேண்டும். ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்டிலும் உண்டு, அதற்காக மேலே போக வேண்டியதில்லை. சக்கரத்திலும் அப்படித்தான். கிரெட்டாவில் 215/60 ஆர்17 பார்க்க அழகு. கீழ் வேரியன்டின் 205/65 ஆர்16 டயருக்குப் பக்கச்சுவர் சற்று உயரம், மாற்றும் செலவும் குறைவு.

வெள்ளத்தில் பெரிய வண்டி காப்பாற்றும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தரையிலிருந்து சக்கர மையம் வரை எக்ஸ்டரில் சுமார் 30 செ.மீ., கிரெட்டாவில் 33. இத்தனை லட்ச வித்தியாசத்துக்கு மூன்று செ.மீ. அதற்கு மேல் தண்ணீர் நின்றால் எதிலும் இறங்க வேண்டாம். தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீரைக் காற்றைப்போல அழுத்திச் சுருக்க முடியாது, சிலிண்டருக்குள் போனபின் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளையும். சாதாரண இன்சூரன்ஸ் இந்தச் சேதத்துக்குப் பணம் தராது. 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பிரிவைப் பாலிசி எடுக்கும்போதே கேட்டுச் சேருங்கள். நாகை, வேளாங்கண்ணி, உப்பளப் பக்கம் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். போர் தண்ணீர் உப்புக்கரித்தால் அது வேண்டாம்.

கடைசியாக வரி. இதைத் தெரியாமல் ஐம்பதாயிரத்தை விடுகிறவர்கள் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் 1,200 சி.சி.க்குள் அல்லது டீசல் 1,500 சி.சி.க்குள் இன்ஜினும் உள்ள காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். தாண்டினால் 40. எக்ஸ்டரும் வென்யூவும் முதல் வகை. கிரெட்டாவும் அல்கசாரும் இரண்டாவது. மின்சார காருக்கு 5. இது ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். வெளியே கட்டுவது தமிழ்நாட்டின் வாழ்நாள் சாலை வரி: 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 வரை 18, அதற்கு மேல் 20. இது முழு விலைக்கும் சேர்த்து. 9.90 லட்ச வண்டிக்கு வரி 1,28,700. 10.10 லட்ச வண்டிக்கு 1,81,800. இருபதாயிரம் கூடுதல் விலைக்கு ஐம்பத்து மூவாயிரம் கூடுதல் வரி. எக்ஸ்டரின் உச்சி வேரியன்ட்களும், வென்யூவின் நடு வேரியன்ட்களும் இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஒரு படி இறங்கி எடுப்பது லாபம். பத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள். அது போன பணம் இல்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பும். விவசாய வருமானம் மட்டும்தானே என்று தாக்கல் செய்யாமல் விட்டால் அது அங்கேயே கிடக்கும்.

பக்கத்தில் காரைக்கால் இருப்பதால் "பி.ஒய்.02-இல் பதிவு செய்தால் வரி குறையும்" என்று சொல்ல ஆள் இருப்பார்கள். காரைக்காலில் உண்மையான முகவரி உள்ளவருக்கு அது சரி. மயிலாடுதுறையிலோ திருவாரூரிலோ குடியிருந்துகொண்டு அந்த எண்ணில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டு வரியையும் கட்ட வேண்டும்.